கரணையுள் மறைந்த பகை

கொங்கு நாட்டில் பவானி, அமராவதி ஆறுகள் பாயும் வயல்களிலே கரும்பு செழித்து வளரும். கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையம் பல புதிய கரும்பு வகைகளை நாட்டிற்கு அளித்தது. 'கோ' என்னும் எழுத்தைப் பெயரின் முதலிற் கொண்ட வகைகள் அந்நகரின் பெயரைத் தாங்கியவையே.

கரும்பிற்குக் கொடும்பகையாவது செவ்வழுகல் நோய். அது ஒருவகைப் பூஞ்சையால் விளைவது. நோய் தொற்றிய கரணை புறத்தே நலமுடையதுபோல் தோன்றுதலும் உண்டு. அதனை அறியாது நட்ட உழவரின் ஓராண்டு உழைப்பும் வீணாகும். மறைந்திருக்கும் இத்தகைய பகையைக் காண்பது எங்ஙனம்?

பூஞ்சை முதலிய உயிர்களின் அணுக்களில் டி.என்.ஏ. என்னும் பொருள் உண்டு. அது முறுக்கிய ஈரிழைக் கயிறு போன்றது. அதன் கூறுகளுள் அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணையும். இவை அமைந்த வரிசை இனத்துக்கு இனம் வேறுபடும்.

இவ்வியல்பைத் துணைக்கொண்டு அறிஞர் மின்வேதியியல் உணரியை அமைத்தனர். நோய்க்கிருமியின் வரிசையோடு இணையவல்ல ஓரிழைத் துண்டினைப் பொன் மின்முனைமேற் பதிப்பர். கரணையினின்று எடுத்த டி.என்.ஏ.வைச் சூடேற்றி ஈரிழையையும் பிரித்து, அம்முனைமேல் இடுவர். துணையிழை இருப்பின் வந்து பொருந்தும்; மின்னோட்டம் மாறும். அம்மாற்றமே கிருமியின் இருப்பை அறிவிக்கும்.

கரும்பின் வெள்ளிலை நோயை இம்முறையாற் கண்டறியலாம் எனத் தாய்லாந்து ஆய்வாளர் காட்டியுள்ளனர். நம் மாநிலத்திலும் மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஆய்வு நிலையம் உள்ளது.

வயல் காய்ந்தபின் வருந்துதலினும், கரணையிலேயே நோயைக் கண்டு விலக்குதல் நன்று. நல்ல விதை தேர்ந்து நடுதல் உழவர்தம் பழவழக்கம். அவர்தம் கண்ணுக்கு எட்டாததைக் காட்டுதல் அறிவியலின் கடன்.