வெள்ளத்திற்குப் பின் குடியானவர்கள் ஏமாறாதிருக்கும் வழிகள்

காஞ்சீபுரத்திற்குத் தெற்கே செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வடகிழக்குப் பருவமழையே சாகுபடிக்கு ஆதாரம். அதுவே சில வருஷங்களில் அபாயமுமாகிறது. 2015-ம் வருஷத்துப் பெருமழையையும், 2021-ம் வருஷம் நவம்பரில் பாலாற்றிலும் செய்யாற்றிலும் வந்த வெள்ளத்தையும், 2023-ம் வருஷம் டிசம்பரில் அடித்த மிக்ஜாம் புயலையும் இந்த ஜில்லாவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். பயிர் அழுகி, விதைநெல் நனைந்து, கையிலுள்ள பணமும் குறைந்த அச்சமயத்தில் எதையும் விசாரித்துச் செய்யக் குடியானவருக்கு அவகாசமிராது. ஏமாற்றுவோர் தேடிவரும் காலமும் அதுவே. நிவாரணம், விதை, உரம் ஆகிய மூன்றிலும் கவனிக்கவேண்டியவை கீழே கூறப்படுகின்றன.

நிவாரணத் தொகை

பயிரில் 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமானால் நிவாரணம் பெற இடமுண்டு. மிக்ஜாம் புயலுக்குப் பின் நெல் முதலிய இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 என்று சர்க்கார் நிர்ணயித்தனர். இது ஏக்கருக்குச் சுமார் ரூ.6,880 ஆகும். இதில் தரகனுக்கு ரூ.1,000 கொடுத்தால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வீணாகிவிடும்.

சேதத்தைக் கணக்கெடுப்பவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை இலாகா ஊழியர்களுமே. இதற்குக் கட்டணம் யாதொன்றுமில்லை. தொகை நேரே பாங்குக் கணக்கில் சேரும். குடியானவர் செய்யவேண்டியது, தமது சர்வே நம்பருக்கெதிரே இவ்வருஷத்துப் பயிர் அடங்கலில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதாகும். அப்பதிவில் குறையிருந்தால்தான் தரகனுக்கு வழி ஏற்படுகிறது.

2020-ம் வருஷம் கொரோனா நோய்க் காலத்தில் நடந்தது இதற்குத் தக்க எச்சரிக்கையாகும். பிரதம மந்திரியின் கிஸான் உதவித் திட்டத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய பல ஜில்லாக்களில் தகுதியற்றவர்கள் ஐந்து லட்சத்திற்கு மேற்பட்டோரின் பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. சர்க்கார் உதவி வாங்கித் தருவதாகச் சொல்லிய தரகர்களிடம் ஆதார் நகலையும் பாஸ்புத்தகத்தையும் கொடுத்தவர் பலர். பின்னர் அத்தொகை அவரவர் கணக்கிலிருந்தே திரும்ப வசூலிக்கப்பட்டது. தரகனிடம் கொடுத்த கமிஷனோ போனது போனதே.

டெலிபோனில் அழைத்து, "வெள்ள நிவாரணம் வந்திருக்கிறது, உங்கள் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவர் கேட்டாலும் சொல்லலாகாது. பணம் கொடுப்பதற்கு அந்த எண் தேவையில்லை, எடுப்பதற்கே தேவை. பயிர் இன்ஷ்யூரன்ஸும் குறித்த தேதிக்குள் பாங்கு, கூட்டுறவுச் சங்கம், பொதுச் சேவை மையம் இவற்றின் மூலம் முன்பே செய்துகொள்ளவேண்டியது. வெள்ளம் வந்தபின் பழைய தேதியிட்டுச் செய்து தருவதாகக் கூறுவது முழுப்பொய்.

விதை

மூன்றிலும் பெரிய நஷ்டம் விதையில்தான் ஏற்படும். பணம் போனால் பணத்தோடு நின்றுவிடும். விதை கெட்டால் பருவமே போய்விடும். சம்பா அழிந்த நிலத்தில் நவரைக்கு ஆடுதுறை 36, கோ 51 போன்ற 110 நாளளவில் விளையும் குறுகிய கால ரகங்களே ஏற்றவை. நீண்ட கால ரகத்தைக் குறுகிய கால ரகமென்று விற்றால், கதிர் வருமுன் ஏரித் தண்ணீர் வற்றிவிடும். நெல்லைக் கண்ணால் பார்த்து ரகத்தை நிச்சயிப்பது கடினம். ஆகையால் மூட்டையிலுள்ள அட்டையை நம்பவேண்டுமேயன்றி, விற்பவன் வார்த்தையை நம்பலாகாது.

சான்று பெற்ற விதை மூட்டையில் நீலநிற அட்டை தைக்கப்பட்டிருக்கும். அதில் ரகம், குவியல் எண், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைப் படித்துப் பார்க்கவும். சான்று விதையில் முளைப்புத் திறன் 80 சதவிகிதத்திற்குக் குறையலாகாது. ஈரம் 13 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது. லைசென்ஸ் பெற்ற கடையில் மட்டும் வாங்கி, ரகமும் குவியல் எண்ணும் எழுதிய ரசீது பெறுக. வண்டியில் கொண்டுவந்து ரசீதின்றி விற்பவரிடம் எவ்வளவு மலிவாயினும் வாங்கவேண்டாம்.

விதைக்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். பல மூட்டைகளிலிருந்தும் கலந்து 100 மணிகளைப் பொறுக்காமல் எண்ணி, நனைத்த கோணித் துணியில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைக்கவும். ஒரு வாரத்திற்குப் பின் நன்கு முளைத்தவற்றை எண்ணவும். 80-க்கு மிகவும் குறைந்தால் அவ்விதையை நாற்றங்காலில் இடாமல் விதை ஆய்வாளருக்குத் தெரிவிக்கவும்.

உரம்

கிடங்குகளில் நனைந்த உரத்தை வேறு சாக்கில் கட்டி விற்பதுண்டு. மிஷின் தையலுள்ள, எடையும் விலையும் அச்சிட்ட மூட்டையையே வாங்குக. கையால் தைத்த மூட்டையைத் தள்ளுக. டி.ஏ.பி. மணிகளைச் சுண்ணாம்புடன் சேர்த்து உள்ளங்கையில் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரவேண்டும். யூரியா தண்ணீரில் முழுதும் கரைந்து தண்ணீரைக் குளிரச் செய்யும். அடியில் மண்டி தங்கினால் கலப்படமென்று சந்தேகிக்கலாம்.

ஏமாந்தவர் செய்யவேண்டியது

ரசீது, அட்டை, காலி மூட்டை, மீந்த விதையில் ஒரு படி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. விதை முளைக்காவிடில் வயலை உழுதுவிடுமுன் வேளாண்மை அலுவலரைக் கொண்டு பார்வையிடச் செய்க. விதைக் குறையால் நஷ்டமடைந்த குடியானவர் நுகர்வோர் மன்றத்தில் ஈடு கேட்கலாமென்று உச்ச நீதிமன்றம் 2012-ம் வருஷம் தீர்ப்பளித்திருக்கிறது. பாங்குக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடுமுன் தடுத்தால்தான் மீட்க இயலும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

இத்தகைய மோசங்கள் பெரும்பாலும் விவரம் தெரியாமையாலேயே நடைபெறுகின்றன. சேதக் கணக்கின் ஜாபிதாவைப் பெயர், சர்வே நம்பர், விஸ்தீரணம் இவற்றுடன் கிராமச் சாவடியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டிவைத்தால் தரகனுக்கு வேலையில்லாமற் போகும். பிர்க்காவிலுள்ள லைசென்ஸ் கடைகளின் பெயர்களையும் அதனுடன் சேர்த்து எழுதலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிபெருக்கி மூலம் அறிவிப்பது நலம். மிராசுதார்களும் தங்கள் குத்தகைதாரர்களுக்கு இவ்விஷயங்களை எடுத்துச் சொல்லி, அவர்கள் பெயரும் சாகுபடிக் கணக்கில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நிலத்தில் பாடுபட்டவனுக்கே நிவாரணம் சேரவேண்டுமென்பதே இதன் நோக்கம்.