ஜனக்கணக்கில் தொழிலை எழுதுவிக்கும் முறை

ஒரு குடும்பம் தன் வரவு செலவைச் சரிவர எழுதி வைக்காவிட்டால், கடன் எவ்வாறு வந்தது என்று அதற்கே தெரியாமற் போகும். தேசத்தின் நிலையும் அதுவே. எத்தனை ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதோடு, அவர்கள் எத்தொழிலால் ஜீவிக்கிறார்கள் என்பதையும் அறிந்தாலொழிய, எந்தக் கிராமத்துக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்க இயலாது. ஆகவே சென்ஸஸ் கணக்கில் மற்றெல்லாக் கேள்விகளிலும் அதிக யோசனையுடன் விடை கூறத்தக்கது தொழிலைப் பற்றிய கேள்வியாகும். ஆனால் நம் கிராமங்களில் மிகவும் அலட்சியமாக விடை கூறப்படுவதும் அதற்கே.

2021ஆம் வருஷம் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொள்ளைநோயினால் தள்ளிப் போயிற்று. அது 2027 மார்ச்சு 1ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு நடத்தப்படும் என்று 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகையால் இவ்விஷயத்தை நம் சங்க அங்கத்தினர்கள் கற்றறிந்து கொள்வது நலம்.

1. பாகுபாடு வளர்ந்த விதம்

இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட முதற் கணக்கு 1881ஆம் வருஷத்தியது. அப்போது இங்கிலாந்தின் முறையைத் தழுவித் தொழில்களை ஆறு பெருவகுப்புகளாகப் பிரித்தனர். பிறகு நம் நாட்டுத் தொழில்கள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுக்கப் போய், 1901இல் இனங்களின் எண்ணிக்கை 520 ஆயிற்று. இவ்வளவு நுட்பமான பிரிவினை கணக்கர்களுக்குப் பெரும் சங்கடத்தை உண்டாக்கியது. 1911இல் ஜாக் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த முறையைக் கைக்கொண்டு, நான்கு வகுப்புகளும் 169 இனங்களுமாகச் சுருக்கினர்.

அந்த முறையில் "போதுமான விவரம் சொல்லப்படாத தொழில்கள்" என்று ஒரு பிரிவு இருந்தது. இன்ன வேலை என்று குறிப்பிடாத கூலிக்காரர்களும் இன்ன வியாபாரம் என்று சொல்லாத வியாபாரிகளும் அதில் தள்ளப்பட்டனர். ஏறக்குறைய நூறு வருஷம் கடந்த பின்னும் இக்குறை தீரவில்லை. 2004ஆம் வருஷத்திய தேசியத் தொழிற் பாகுபாட்டிலும், விளக்கம் போதாத விடைகளைப் போடுவதற்கென்றே ஒரு பிரிவு வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிந்திய 2015ஆம் வருஷத்திய பாகுபாடு ஏறக்குறைய 3,600 தொழில்களைப் பெயர் சொல்லி விவரிக்கிறது. இத்தனை தொழில்கள் பட்டியலில் இருந்தும், ஒருவர் "கூலி" என்று மாத்திரம் சொன்னால், அவர் எத்தொழிலைச் சேர்ந்தவர் என்று தீர்மானிக்க இயலாது.

2. சென்ஸஸ் எதை வேலை என்கிறது?

பொருளுற்பத்திக்கு உதவும் எந்தக் காரியமும் வேலையே. அதற்குக் கூலியோ லாபமோ கிடைக்க வேண்டும் என்ற நியதி இல்லை. சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமின்றிப் பாடுபடுவதும் வேலைதான். மேற்பார்வை செய்து உத்தரவு கொடுப்பதும் வேலையே.

கணக்கெடுப்புக்கு முந்திய ஒரு வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் பிரதான உழைப்பாளர். அதற்குக் குறைவாகச் செய்தவர் குறுங்கால உழைப்பாளர். ஒரு நாளும் செய்யாதவரே உழைப்பாளர் அல்லாதவர். இவ்வேற்பாடு 1981 முதல் இருந்து வருகிறது.

2011ஆம் வருஷத்துக் கணக்கில் உழைப்பாளர் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டனர்.

முதலாவது, பயிரிடுவோர். சொந்த நிலத்திலோ, பணத்துக்கோ தானியத்துக்கோ வாரத்துக்கோ பெற்ற நிலத்திலோ சாகுபடி செய்பவர் இவர். நிலத்தைப் பிறருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு தொழில் செய்பவர், பட்டா தம் பெயரில் இருந்தாலும், இவ்வகையில் சேரார்.

இரண்டாவது, விவசாயத் தொழிலாளர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர் இவர். சாகுபடியின் லாப நஷ்டம் இவரைச் சார்ந்ததன்று.

மூன்றாவது, குடும்பக் கைத்தொழிலாளர். தொழிலைக் குடும்பத்தாரே பெரும்பாலும் செய்ய வேண்டும். கிராமமானால் அது ஊருக்குள் எங்கும் நடக்கலாம். பட்டணமானால் குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். பதிவு பெற்ற தொழிற்சாலையின் அளவுக்கு அது வளர்ந்திருக்கலாகாது.

நான்காவது, மற்றத் தொழில்கள் அனைத்தும்.

3. கேட்கப்படும் மூன்று விஷயங்கள்

மற்றத் தொழில் செய்பவரிடம் மூன்று தனி விஷயங்கள் விசாரிக்கப்பட்டன. அவர் தம் கையால் செய்யும் வேலை யாது? அவர் வேலை செய்யும் இடத்தில் நடைபெறும் தொழில் யாது? அவர் முதலாளியா, சம்பளக்காரரா, தனித்து உழைப்பவரா, குடும்பத் தொழிலில் உழைப்பவரா?

இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதே சாதாரணமாக நேரும் தவறு. ஹோசூர் மோட்டார்த் தொழிற்சாலையில் லாரி ஓட்டுபவரும், கிருஷ்ணகிரிக் கருங்கல் குவாரியில் லாரி ஓட்டுபவரும் செய்யும் வேலை ஒன்றே. ஆயினும் அவர்கள் சார்ந்த தொழில்கள் வேறு. அந்த மோட்டார்த் தொழிற்சாலையிலேயே ஒருவர் இயந்திரம் பூட்டுகிறார், ஒருவர் கணக்கு எழுதுகிறார், ஒருவர் சமையல் செய்கிறார் என்று கொள்வோம். சார்ந்த தொழில் மூவருக்கும் ஒன்று. செய்யும் வேலை மூன்று. "கம்பெனியில் வேலை" என்று இவர்கள் மூவரும் விடை கூறினால், கணக்கரால் எதையும் பிரித்தெழுத முடியாது.

கைக்கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் வரிசையாக அமர்ந்து கடிகாரத்தின் உறுப்புகளைப் பூட்டுபவர், இயந்திரம் இயக்குவோரும் பூட்டுவோரும் அடங்கிய எட்டாம் பிரிவைச் சேர்ந்தவர். கடைத்தெருவில் அதே கடிகாரத்தைப் பழுது பார்ப்பவர், கைவினைஞருக்குரிய ஏழாம் பிரிவைச் சேர்ந்தவர். "வாட்ச் வேலை" என்ற விடை இருவருக்கும் பொருந்துமாதலால் அதனால் பிரயோஜனம் இல்லை.

4. நம் ஜில்லாவிலிருந்து சில உதாரணங்கள்

மாந்தோப்பு: ஒரு மாமரத்தைச் சுற்றிப் பல தொழில்கள் நடைபெறுகின்றன. தோப்பை வளர்த்துப் பராமரிப்பவர் பயிரிடுவோர். பூவிலேயே காய்ப்பை விலை பேசி வாங்கி மண்டிக்கு அனுப்புபவர் வியாபாரி. அவரே மருந்தடித்துக் காவலும் போட்டுத் தோப்பைக் கவனிப்பாரானால் அதையும் சொல்ல வேண்டும். கூலிக்குக் காய் பறிப்பவர் விவசாயத் தொழிலாளர். கூழ்த் தொழிற்சாலையில் பழம் அறுப்பவர் தொழிற்சாலை உழைப்பாளர். 1961ஆம் வருஷத்துக் கணக்கில் பழத்தோட்டக்காரர் பயிரிடுவோருடன் சேர்க்கப்படாமல், சுரங்கம், கால்நடை, காடு, மீன்பிடித்தல் முதலியவற்றோடு ஒரே வகையில் வைக்கப்பட்டார். 2001இலும் 2011இலும் பழம் பயிரிடுதலும் சாகுபடியில் அடங்கிற்று. தென்னையோ அவ்விரு கணக்குகளிலும் அடங்கவில்லை. ஆகையால் பழைய அட்டவணையையும் புதியதையும் ஒப்பிடுவோர், வகையின் பெயரை மட்டும் பார்த்து, "குடியானவர் பெருகினர்" என்றோ "குறைந்தனர்" என்றோ முடிவு கட்டலாகாது.

பட்டு: மல்பெரி பயிரிடுவது ஒரு தொழில். புழு வளர்ப்பது மற்றொன்று. கூட்டிலிருந்து நூலிழைப்பது மூன்றாவது. 1911ஆம் வருஷத்துப் பாகுபாட்டிலேயே தேனீ, பட்டுப்புழு முதலிய சிற்றுயிர்களை வளர்ப்பதற்கென்று இடம் இருந்தது. ஒரே குடும்பத்தில் புருஷர் தோட்டத்தையும் ஸ்திரீ புழுக்களையும் கவனிப்பது வழக்கமாதலால், இருவருக்கும் ஒரே விடையை எழுதுவது சரியன்று.

கடைசல் பட்டறை: ஹோசூர்ப் பட்டணத்தில் ஒருவர் குடியிருக்கும் வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்து, மகனுடன் மோட்டார் உறுப்புகளைக் கடைந்து கொடுக்கிறார். இது குடும்பக் கைத்தொழில். அதே இயந்திரத்தை அடுத்த தெருவில் ஒரு கொட்டகைக்கு மாற்றினால் அவர் மற்றத் தொழிலாளராகிறார். சூளகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இவ்வாறு செய்தாலோ, கொட்டகை ஊருக்குள் இருக்கும் வரையில், குடும்பக் கைத்தொழிலே.

இரு தொழில் உடையவர்: தளியில் ஒருவர் மழைக்காலத்தில் நான்கு மாதம் தம் நிலத்தில் ராகி பயிரிடுகிறார். மற்றை எட்டு மாதமும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். "என் தொழில் விவசாயம்" என்று சொல்வதே அவருக்குப் பெருமை. ஆனால் அதிகக் காலம் செய்த வேலையே முக்கியத் தொழிலாகும். ஆகவே கொத்து வேலையோ சித்தாள் வேலையோ எதுவாயினும் முதலில் அதைச் சொல்லி, பின்பு ராகிச் சாகுபடியையும் சொல்ல வேண்டும்.

எல்லை கடப்பவர்: ஹோசூரில் குடியிருந்து கொண்டு, தினந்தோறும் கர்நாடகத்துத் தொழிற்சாலைக்குப் போய் வருபவர் குடியிருக்கும் இடத்திலேயே எண்ணப்படுவார். 2011இல் வேலை செய்யும் இடத்தின் தூரமும், போய் வரும் வாகனமும் கேட்கப்பட்டன. இவ்விடைகள் பஸ், ரயில் வசதிகளைத் திட்டமிடுவதற்கு உபயோகமானவை.

இங்கு பாஷை விஷயமாகவும் ஒன்று கூற வேண்டும். இப்பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசப்படுகின்றன. "கூலி பனி" என்றாலும் "கூலி கெலசா" என்றாலும் விவரமின்மை ஒன்றுதான். எந்தப் பாஷையில் சொன்னாலும் எங்கே, என்ன கூலி வேலை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

5. ஸ்திரீகளின் உழைப்பு

இப்பாடத்தின் முக்கிய பாகம் இதுவே. 1961இல் இந்தியாவில் ஸ்திரீ உழைப்பாளர் சுமார் 5 கோடியே 90 லட்சம் பேர் என்று கணக்கிடப்பட்டது. 1971இல் அது சுமார் 3 கோடியே 10 லட்சமாக இறங்கியது. பத்து வருஷத்தில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டார்களா? அவ்வாறன்று. 1961இல் பருவகால வேலையில் தினம் ஒரு மணிக்கு மேல் ஒழுங்காக உழைத்தவரும் உழைப்பாளராகக் கொள்ளப்பட்டார். 1971இல் ஒவ்வொருவரின் பிரதான காரியம் யாது என்று முதலில் கேட்கப்பட்டது. ஸ்திரீகளுக்கு "வீட்டுக் காரியம்" என்ற விடை எளிதில் வந்துவிட்டது. கேள்வி மாறியதால் கோடிக்கணக்கான ஸ்திரீகளின் உழைப்பு கணக்கை விட்டு மறைந்தது. இதை உத்தேசித்தே 1991இல், நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் சம்பளமின்றிச் செய்யும் வேலையும் சேரும் என்று கேள்வியிலேயே எழுதிச் சேர்த்தனர். 2001 முதல், வீட்டு உபயோகத்துக்காகவே பால் உற்பத்தி செய்தாலும் அது வேலையாகக் கொள்ளப்பட்டது.

சமைப்பதும் குழந்தைகளை வளர்ப்பதும் இலேசான காரியங்கள் அல்ல. எனினும் சொந்த வீட்டுக்குச் செய்யும் அவற்றைச் சென்ஸஸ் தன் இலக்கணப்படி வேலையாக எண்ணுவதில்லை. அவற்றுக்கு மேலாக ஸ்திரீகள் செய்வதையேனும் விடாமல் சொல்ல வேண்டாமா? கீழ்வரும் சம்பாஷணையைக் கவனியுங்கள்.

கணக்கர்: ஐயா, உங்கள் வீட்டம்மாள் என்ன வேலை செய்கிறார்?

குடியானவர்: அவள் வேலைக்கெல்லாம் போவதில்லைங்க. வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்.

கணக்கர்: மாடு இருக்கிறதா? கறப்பது யார்?

குடியானவர்: இரண்டு கறவை இருக்கிறது. அவள்தான் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறாள்.

கணக்கர்: தீவனம் அறுப்பது?

குடியானவர்: அதுவும் அவள்தான். ராகிக்குக் களை எடுக்கும்போது காட்டுக்கும் வருவாள்.

முதல் விடையோடு கணக்கர் எழுந்து போயிருந்தால், வருஷம் முழுவதும் கால்நடை வளர்ப்பில் உழைக்கும் ஓர் அம்மாள் உழைப்பாளர் அல்லாதவராக எழுதப்பட்டிருப்பார். ஆகவே "வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்பது போதாது. "கறப்பது யார், களை எடுப்பது யார், புழுவுக்குத் தழை போடுவது யார்?" என்று கேட்க வேண்டும். விடையை அந்த அம்மாளிடமே கேட்பது அதனினும் நன்று.

இதனால் விளையும் நஷ்டம் யாது? சென்ஸஸ் அட்டவணை கிராமந்தோறும், ஆண் பெண் வாரியாக, ஒவ்வொரு வகை உழைப்பாளரும் எத்தனை பேர் என்று காட்டுகிறது. ஒரு கிராமத்தில் எண்பது ஸ்திரீகள் பால் ஊற்ற, அட்டவணையில் பத்துப் பேரே இருப்பதாகக் கொள்வோம். அட்டவணையை நம்பித் திட்டம் போடுகிறவர் அங்கே மகளிர் பால் சங்கமோ கால்நடை வைத்தியரோ வேண்டும் என்று எவ்வாறு அறிவார்?

நம் சங்கங்களிலும் இக்குறை உண்டு. அங்கத்தினர் பதிவேட்டில் தொழில் என்ற பத்தியில், மேலிருந்து கீழ்வரை "விவசாயம்" என்றே எழுதியிருப்பதைத் தணிக்கை செய்பவர்கள் அடிக்கடி காண்கிறோம். ராகி விளைவிப்பவர் அறுவடைக்குப் பிறகே கடனைச் செலுத்த முடியும். பால் ஊற்றுபவருக்குப் பணம் சிறுகச் சிறுக வந்து கொண்டிருக்கும். பட்டறைக்காரருக்கு வேலை முடித்துப் பில் கொடுத்த பின்பே பணம் வரும். தொழிலை அறியாமல் எல்லாருக்கும் ஒரே தவணை வைத்தால், தவணை தவறியவர் நாணயமற்றவர் என்ற பழியைச் சுமக்கிறார்.

6. ஜாதியும் பயமும்

தொழிலைக் கேட்டால் குலத்தொழிலைச் சொல்லும் வழக்கம் இன்னும் அற்றுப் போகவில்லை. குயவர் குடும்பத்தில் பிறந்து பஸ் ஓட்டுபவர் தொழிலால் ஓட்டுநரே. 2027ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ஜாதியும் கேட்கப்படும் என்று 2025இல் மத்திய சர்க்கார் அறிவித்தது. ஆகவே ஜாதிக்குத் தனி இடம் உண்டு. தொழிலுக்குரிய இடத்தில் தொழிலையே சொல்லுக.

"உள்ளதைச் சொன்னால் ரேஷனும் பென்ஷனும் நின்றுவிடும், வரி விழும்" என்று அஞ்சுவோரும் உளர். 1948ஆம் வருஷத்து சென்ஸஸ் சட்டப்படி, தனி மனிதர் கூறிய விவரம் ரகசியமாகக் காக்கப்படும். அதைப் பிறர் பார்வையிடவும், வழக்கில் சாட்சியமாக்கவும் அச்சட்டம் இடங்கொடுப்பதில்லை. கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் உண்மையாக விடை கூறுவது ஒவ்வொருவருக்கும் சட்டப்படி கடமையாகும்.

7. சங்கங்கள் செய்யத்தக்கவை

இப்பாடத்தைச் சங்கக் கூட்டத்தில் ஒரு முறை வாசித்துக் காட்டலாம். ஒவ்வொரு வீட்டாரும், பெரியவர் முதல் வேலை செய்யும் இளைஞர் வரை, ஒவ்வொருவரும் சென்ற பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்த வேலையை எத்தனை மாதம் செய்தார் என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவருக்குச் சங்கக் காரியதரிசியோ பள்ளி மாணவரோ உதவலாம். அப்படியே அங்கத்தினர் பதிவேட்டின் தொழிற்பத்தியையும் திருத்திக்கொண்டால் அது சங்கத்துக்கு உடனே கிடைக்கும் பலனாகும். கணக்கர் வீட்டில் தங்கும் நேரம் சில நிமிஷங்களே. அதில் எழுதப்படுவதோ அடுத்த கணக்கெடுப்பு வரையில் அக்குடும்பத்தின் உழைப்புக்கு அத்தாட்சியாக நிற்கும்.

பயிற்சி வினாக்கள்

1. நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியில் மளிகைக் கடை நடத்துபவரின் தொழில் யாது?

2. பள்ளி விடுமுறையில் இரண்டு மாதம் மாங்காய் பறிக்கும் கூலி வேலைக்குச் சென்ற மாணவர் எவ்வகை உழைப்பாளர்?

3. "கம்பெனி வேலை" என்பவரிடம் இன்னும் எவ்வெவற்றைக் கேட்க வேண்டும்?

4. உங்கள் வீட்டு ஸ்திரீகள் சென்ற வருஷத்தில் செய்த வேலைகளை, அவர்களையே கேட்டு, மாத வாரியாக எழுதுக.