ஈ.பி.டி. அட்டைக்காரருக்குப் பாதிக் கட்டணமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இந்திய மளிகைக் கடை நடத்துகிறேன். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வசதியோடு, ஆண்டுக்கு 60 டாலரில் ஓர் உறுப்பினர் திட்டம் தொடங்கப் போகிறோம். ஈ.பி.டி. அட்டையில் வாங்குவோர் எங்களிடம் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதிக் கட்டணம் வைக்கலாம் என்கிறார் மனைவி. ஒருவருக்குக் குறைத்தால் எல்லோரும் கேட்பார்கள், வேண்டாம் என்கிறார் எங்கள் அக்கவுன்டன்ட். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக வையுங்கள். ஆனால் 60 டாலரை 30 ஆக்கிவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். கட்டணத்தைக் குறைப்பது இதில் சின்ன வேலைதான்.

ஈ.பி.டி. அட்டையோடு வரும் குடும்பத்துக்கு இரண்டு பணப்பைகள் உண்டு. ஒன்று, ஸ்நாப் என்னும் அரசின் உணவு உதவிப் பணம் ஏறும் அந்த அட்டை. அதில் அரிசி, பருப்பு, பால், காய்கறி வாங்கலாம். சோப்பும் டயப்பரும் வாங்க முடியாது. உங்கள் கடையின் சூடான சமோசாவும் வாங்க முடியாது. டெலிவரி கட்டணமோ உறுப்பினர் கட்டணமோ அதிலிருந்து கட்ட முடியாது. இவை எல்லாமே இரண்டாவது பையிலிருந்து, அதாவது கையில் இருக்கும் ரொக்கத்திலிருந்து போக வேண்டும். வாடகை, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் கடித்துத் தின்ற பிறகு மிஞ்சும் பை அது. நீங்கள் கேட்கும் 30 டாலர் அந்தப் பைக்குத்தான் வருகிறது. ஆகவே தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதைவிட, ஒரே நேரத்தில் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். மாதம் இரண்டரை டாலர் என்று வையுங்கள். ஆண்டுக்கு அதே 30 டாலர்தான். ஆனால் அது கட்டக்கூடிய தொகை.

பெரிய நிறுவனங்களும் அனுபவத்தில் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன. அமேசான் 2017 ஜூனில் ஈ.பி.டி. அட்டைக்காரர்களுக்குப் பிரைம் சேவையை மாதம் 5.99 டாலருக்குக் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசின் மருத்துவ உதவியான மெடிக்கெய்ட் பெறுவோரையும் சேர்த்தது. இன்று முழு மாதக் கட்டணம் 14.99 டாலர், சலுகைக் கட்டணம் 6.99 டாலர். வால்மார்ட் 2023 ஜூனில் ‘வால்மார்ட் பிளஸ் அசிஸ்ட்’ கொண்டுவந்தது: மாதம் 12.95 டாலர் கட்ட வேண்டிய இடத்தில் 6.47. இந்த இரண்டிலும் மாதச் சந்தா வழி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். காஸ்ட்கோ இந்தப் பாதையில் போகவில்லை. ஏழைகளுக்கெனத் தனிக் கட்டணம் கிடையாது, கட்ட வேண்டியதும் ஆண்டுக் கட்டணம். 2024 செப்டம்பரில் அடிப்படைக் கட்டணத்தை 60 டாலரிலிருந்து 65 ஆக்கினார்கள். சலுகை வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. 2024 நிதியாண்டில் காஸ்ட்கோவின் நிகர லாபம் சுமார் 740 கோடி டாலர். உறுப்பினர் கட்டணமாக மட்டும் வந்தது சுமார் 480 கோடி டாலர். பொருளில் குறைந்த லாபம் வைத்து, கட்டணத்தில் சம்பாதிக்கும் கடை அது.

உங்கள் அக்கவுன்டன்ட் காஸ்ட்கோ கணக்கை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். உங்கள் கடை அப்படிப்பட்டதல்ல. துவரம் பருப்பிலும் மசாலாவிலும் உங்களுக்கு லாபம் இருக்கிறது. கட்டணம் ஆளை மறுபடி மறுபடி வரவைக்கும் வழி மட்டுமே. ஆகவே பாதிக் கட்டணத்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நஷ்டம் வந்தால் டெலிவரி வண்டியில்தான் வரும். எல்லோரும் கேட்பார்கள் என்ற பயமும் தேவையில்லை. அமேசான் மாணவர்களுக்குப் பிரைம் சேவையைப் பல ஆண்டுகளாகப் பாதி விலைக்குக் கொடுக்கிறது. அதற்காக மற்றவர்கள் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

இனி, டெலிவரி. அதன் விதிகளை வகுக்குமுன் ஓர் ஆய்வைப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யெஷிம் ஓர்ஹுனும், ஆய்வாளர் மைக் பலாஸ்ஸோலோவும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்கள் கழிவறைக் காகிதம் வாங்கும் விதத்தை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கெட்டுப்போகாத, எப்படியும் தீரும் பொருள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழைக் குடும்பங்கள் பெரிய கட்டாக வாங்கி மிச்சம் பிடிக்க முடியாமல் போகிறது. தள்ளுபடி வரும் வாரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளவும் முடிவதில்லை. ஆனால் மாதத் தொடக்கத்தில், கையில் பணம் இருக்கும்போது, அவர்களும் வசதியானவர்களைப் போலக் கணக்குப் பார்த்து வாங்குவது கூடுகிறது. அவர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை, கையில் காசுதான் இல்லை.

உங்கள் கடையிலேயே இதைப் பார்க்கலாம். மாதத்தின் முதல் வாரத்து ஈ.பி.டி. பில்களையும் கடைசி வாரத்து பில்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை போயிருக்கும். கடைசி வாரத்தில் அதே குடும்பம் 2 பவுண்டு பாக்கெட்டை, பவுண்டுக்கு அதிக விலை கொடுத்து வாங்கியிருக்கும். இலவச டெலிவரிக்குக் குறைந்தது 35 டாலர் ஆர்டர் வேண்டும் என்று வால்மார்ட்டைப் போல நீங்களும் வைத்தால், கடைசி வாரத்தில் அந்தக் குடும்பம் டெலிவரி வாங்கவே முடியாது. கட்டணம் கட்டியும், மிகவும் தேவைப்படும் வாரத்தில் வசதி கிடைக்காமல் போகும். இதைத்தான் நான் பெரிய அநியாயமாக நினைக்கிறேன். சலுகை உறுப்பினர்களுக்குக் குறைந்தபட்சத் தொகையை 15 டாலருக்கு இறக்குங்கள். அதற்குப் பதிலாக நாளைக் கட்டுப்படுத்துங்கள்: ஒவ்வொரு குடியிருப்புக்கும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வண்டி வரும் என்று வையுங்கள். ஒரே அபார்ட்மென்டில் ஏழெட்டு வீட்டுக்குச் சேர்த்து இறக்கினால் சின்ன ஆர்டரும் கட்டுப்படியாகும். கார் இல்லாத வீட்டுக்கு 20 பவுண்டு மூட்டை வாசலுக்கு வருவதே பெரிய உதவி. ஆகவே மூட்டைகள் அதிகம் போகும் முதல் வாரத்தில் வண்டிக்கு ஆள் அதிகம் வையுங்கள்.

சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்நாப் பணம் ஏற்கும் கடை, ஸ்நாப் வாடிக்கையாளரை மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்பது மத்திய வேளாண் துறையின் விதி. கூடுதல் விலை போடக் கூடாது. தனியே விலை குறைக்கவும் கூடாது. 2025 நவம்பரில் அரசு முடக்கத்தால் ஸ்நாப் பணம் தாமதமானபோது, சில கடைகள் அட்டைக்காரர்களுக்குத் தள்ளுபடி கொடுக்க முன்வந்தன. அனுமதி பெறாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று துறை உடனே நினைவூட்டியது. ஆகவே ‘ஈ.பி.டி. காட்டினால் பருப்பு 10 சதவீதம் குறைவு’ என்று பலகை எழுதிவிடாதீர்கள். சலுகையை உறுப்பினர் கட்டணத்திலும் டெலிவரியிலும் மட்டும் வையுங்கள். மெடிக்கெய்ட் பெறுவோரையும், தாய்-சேய் உணவு உதவியான டபிள்யூ.ஐ.சி. பெறுவோரையும் சேருங்கள். உறுப்பினர்களுக்கு என்று ஒரு விலை வைத்தால் எல்லா உறுப்பினருக்கும் அதே விலை இருக்கட்டும். தொடங்குமுன் ஸ்நாப் கடைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்குத் திட்டத்தை எழுதி அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைப் பார்த்தால் போதும். எண்ணை எழுதி வைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், ரகசிய எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். பெரும்பாலான ஈ.பி.டி. அட்டைகளில் சிப் கிடையாது, காந்தப் பட்டைதான். தேய்க்கும் கருவியிலிருந்து விவரத்தைத் திருடிப் பணத்தை எடுக்கும் கும்பல்கள் இருக்கின்றன. 2024 டிசம்பர் 20க்குப் பிறகு திருடப்பட்ட தொகையை மத்திய அரசு ஈடுகட்டுவதில்லை, போனால் போனதுதான். அந்தத் திருட்டுக்கு உங்கள் கடை நோட்டுப் புத்தகம் காரணமாகிவிடக் கூடாது.

அட்டை இல்லாத ஏழைகளும் உங்கள் கடைக்கு வருகிறார்கள் என்பதை மறக்காதீர்கள். கிரீன் கார்டு வாங்கி மகன் வீட்டுக்கு வந்த பெற்றோருக்குப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் ஸ்நாப் கிடையாது. 2025 ஜூலையில் வந்த சட்டம் வேலை நிபந்தனையை 64 வயது வரை நீட்டியிருக்கிறது. அதனாலும் பலர் அட்டையை இழப்பார்கள். அமேசானால் ஆளைப் பார்த்து நம்ப முடியாது, உங்களால் முடியும். ‘எங்கள் வருமானம் குறைவு’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு சிலர் பொய் சொல்வார்கள்தான். ஒருவருக்கு ஆண்டுக்கு 30 டாலர் போகும், அவ்வளவுதான். ஒரு முறை சேர்த்தவரை, நடுவில் அட்டை போனாலும், 12 மாதம் வரை நீக்காதீர்கள்.

சலுகை உறுப்பினருக்குத் தனி நிறத்தில் அட்டை வேண்டாம். கல்லாவில் நிற்கும் பையனுக்குக்கூட யார் எந்தக் கட்டணம் என்று திரையில் தெரியக் கூடாது. பின்னால் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். கோயிலில் பார்த்த முகமாகவும் இருக்கலாம். நம்மவர்களிடம் இந்தக் கூச்சம் மிக அதிகம். ஒரு தடவை முகம் சுருங்கினால் மறுபடி உங்கள் கடைப் பக்கமே வரமாட்டார்கள்.

பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்காதீர்கள். கணக்கில் இரண்டு டாலர் குறைந்தால் சில வங்கிகள் 35 டாலர் வரை அபராதம் போடுகின்றன. நீங்கள் கொடுத்த தள்ளுபடியை வங்கி தின்றுவிடும். பிரைமில் ஆளுக்குத் தெரியாமலேயே சேர்ப்பதும், விலக விடாமல் சுற்றவிடுவதுமாக இருந்தார்கள் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலருக்கு உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது. உங்கள் திட்டத்தில் கல்லாவிலேயே ரொக்கமாக அந்த மாதத்துக்குக் கட்டட்டும். கட்டாத மாதம் சந்தா தானாக நின்றுவிடட்டும். அடுத்த மாதம் கட்டினால், பழைய பாக்கி எதுவும் கேட்காமல் மறுபடி தொடங்கட்டும்.

முதல் ஆறு மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். சலுகை உறுப்பினர்களில் எத்தனை பேர் மாதக் கடைசி வாரத்தில் ஆர்டர் போட்டார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை ஏறவில்லை என்றால் முதலில் இறக்க வேண்டியது குறைந்தபட்ச ஆர்டர் தொகைதான். உறுப்பினர் கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.