சளிக்காய்ச்சலுக்குப் பின் குழந்தையின் முகம் கோணினால்

சளியும் காய்ச்சலும் தணிந்த சில நாட்களில் குழந்தையின் முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்து, சிரிக்கும்போது வாய் மறுபக்கம் இழுத்துக்கொள்வதும், குடித்த பால் கடைவாயில் வழிவதும், ஒரு கண் மூடாதிருப்பதும் முகவாதத்தின் அடையாளங்களாகும். மூளையிலிருந்து காதையொட்டிய எலும்பின் குறுகிய குழாய் வழியே முகத் தசைகளை அடையும் ஏழாவது நரம்பு, அழற்சியால் வீங்கி அக்குழாய்க்குள் நெருக்குண்பதால் இது நேர்வதாகக் கருதப்படுகிறது; குறிப்பான காரணம் புலப்படாதபோது இது பெல் வாதம் எனப்படும்.

முதலில் நெற்றியைக் கவனிக்க வேண்டும். புருவத்தை உயர்த்தச் சொல்லும்போது பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியும் சுருங்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் நரம்பிலேயே உள்ளது. நெற்றி இயல்பாகச் சுருங்கி வாய் மட்டும் கோணியிருந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, மூளை சார்ந்த காரணத்தை ஐயுற்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். எவ்வாறாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

அடுத்தது காது. சளியைத் தொடர்ந்து நடுச்செவியில் சீழ் கட்டினால் அந்த அழற்சி அருகிலுள்ள நரம்பையும் தாக்கும் என்பதால், காதுவலி, சீழ்வடிதல், காதின் பின்புற வீக்கம், காதுமடலில் கொப்புளம் ஆகியவற்றை மறவாமல் தெரிவிக்க வேண்டும். இவற்றுக்குரிய சிகிச்சை வேறு. சிறுவர்களில் உயர் இரத்த அழுத்தமும், அரிதாக இரத்தப் புற்றுநோயும் முகவாதமாக வெளிப்படுவதுண்டு. ஆகவே இரத்த அழுத்தம் பார்ப்பதும், முகவாதத்துக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை தேவையா எனக் கேட்பதும் முறை.

வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியவற்றுள் கண் பாதுகாப்பே தலையாயது. இமை மூடாத கண் உலர்ந்தால் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வையே குறையக்கூடும். மருத்துவர் தரும் செயற்கைக் கண்ணீர்த் துளிகளைப் பகலில் அடிக்கடி இட்டு, இரவில் கண் களிம்பு தடவி, மேலிமையை மெல்லக் கீழிறக்கி முழுமையாக மூடியபின் மருத்துவ ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். இமை சற்றுத் திறந்திருக்க மேலே பஞ்சு வைத்துக் கட்டினால் அதுவே கருவிழியை உரசிப் புண்ணாக்கிவிடும். கண் சிவந்தாலோ வலித்தாலோ கண் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடலாகாது.

ஸ்டீராய்டு பெரியவர்களுக்குப் பயன்படுவது உறுதியான ஒன்று. சிறுவர்களுக்கு அத்தகைய உறுதி இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் ஆகிய இரு பிரிவிலும் 6 மாதங்களுக்குள் 90 விழுக்காட்டுக்கும் மேலான சிறுவர்கள் குணமடைந்தனர். எனவே மருந்தை மருத்துவரே முடிவு செய்யட்டும். கரண்ட் வைக்கும் சிகிச்சைக்கும் காதில் எண்ணெய் ஊற்றுவதற்கும் பெற்றோர் இடங்கொடுக்க வேண்டாம். 3 வாரங்களில் சிறு அசைவும் திரும்பாவிட்டாலோ, மறுபக்கமும் செயலிழந்தாலோ, 3 மாதங்களுக்குப் பின்னும் கோணல் நீடித்தாலோ நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும்.