பெட்டிக்கடை வைத்துக் கொடுத்தால் போதுமா?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஒரு பெட்டிக்கடை வைத்துக் கொடுத்துவிட்டால் அவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்வான் என்று நம்மவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த எண்ணத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை, கணக்குதான் தவறு. மும்பை இதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. பிசிஓ என்னும் பொதுத் தொலைபேசி பூத்துகளை மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமையோடு ஒதுக்கிய காலத்தில், அந்த வருமானத்தில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. கைபேசி பரவியதும் ஒரு ரூபாய்க் காசோடு வருபவர்கள் நின்றுபோனார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவரின் திறமையில் எந்தக் குறையும் இல்லை. தொழில் படுத்துவிட்டால் வேறு தொழிலுக்கு மாற முதலும் பயிற்சியும் உரிமமும் வேண்டும். பூத்தை மட்டும் கையில் கொடுத்தால் அவை தாமாக வந்துவிடாது.

இதற்கு அடியில் இன்னொரு நம்பிக்கை கிடக்கிறது: உடல் ஒத்துழைக்காதவரால் பெரிதாக என்ன சம்பாதிக்க முடியும் என்பது. 2018-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் 23.8 சதவீதத்தினரே வேலை செய்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். முடியாது என்பதற்கு இதுவே சாட்சி என்று தோன்றலாம். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: மாற்றுத்திறனாளி ஆண்களில் 47 சதவீதம் பேர் உழைப்பாளிகள், பெண்களில் 23 சதவீதம் பேர்தான். பெண்கள் பொதுவாகவே குறைவாகத்தானே வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், என் வாதமும் அதுவே. யார் வேலைக்குப் போவது என்பதை உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டு வழக்கமும் போக்குவரத்தும் வேலை கொடுப்பவரின் மனமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதே மும்பையில் துருவ் லாக்ரா தொடங்கிய மிராக்கிள் கூரியர்ஸ், காது கேளாதவர்களைக் கொண்டே தபால் பட்டுவாடா செய்து காட்டியது. பேச்சுக்குப் பதில் குறுஞ்செய்தி, மாற்றம் அவ்வளவுதான்.

உண்மையில் நம் கண்ணுக்குத் தப்புவது குடும்பத்தின் கணக்கு. அமர்த்தியா சென் தம் 2009-ஆம் ஆண்டு நூலில் பிரிட்டன் பற்றிய ஓர் ஆய்வை எடுத்துக்காட்டுகிறார். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்களில் 23.1 சதவீதம் பேர் வருமானப்படி ஏழைகள். ஊனத்தால் கூடும் செலவையும் சேர்த்தால் அது 47.4 சதவீதமாகிறது. மும்பை கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏற முடியாதவருக்கு டாக்சி வாடகை அப்படிப்பட்ட செலவு. பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட தாயின் சம்பளம் அதைவிடப் பெரிய இழப்பு. பெரும்பாலான உதவித்தொகைகள் அதை எண்ணுவதில்லை. தாராவியில் இட்லி அவிக்கும் வீடுகளையும் தையல் வீடுகளையும் எண்ணிப் பாருங்கள். அங்கே மாவு அரைத்துக் கொடுக்கும், பித்தான் தைக்கும் மாற்றுத்திறனாளி மகள் உழைக்காதவளா? அவள் பெயரில் கூலி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, அவ்வளவே.

சட்டம்தான் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்று, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. ஆனால் தாராவியின் பிழைப்பு அரசு வேலையில் இல்லை. பீஸ் கணக்கிலும் தெரு வியாபாரத்திலும் இருக்கிறது. லோக்கல் ரயிலில் சீப்பும் பேனாவும் விற்கும் பார்வையற்றவருக்கு 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் துணை நிற்காது, ஏனென்றால் ரயில்வே இடத்துக்கும் ரயில்களுக்கும் அது பொருந்தாது. 1989 ரயில்வே சட்டப்படியோ அவர் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.

அதே 2016 சட்டத்தின் 37-ஆம் பிரிவை ஏனோ யாரும் பேசுவதில்லை. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை தந்து, ஒதுக்கச் சொல்கிறது அது. சயானில் 1968 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தொழில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே பிள்ளைக்குப் பயிற்சி தரும்போதே தாய்க்கும் வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்குக் கடன் கிடைக்க வேண்டும். இருவர் பெயரிலும் தனித்தனிக் கணக்கு திறக்க வேண்டும். நம் சங்கங்கள் சக்கர நாற்காலி வழங்கும் விழாவோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த 5 சதவீதம் நம் வார்டில் யாருக்குப் போனது என்று மாநகராட்சியிடம் எழுத்து மூலம் கேட்கட்டும்.