ஐயம் அறிந்து கற்றல்

கல்வியை ஐயந்திரிபறக் கற்றல் வேண்டும் என்பது நம் ஆசிரியப் பெருமக்கள் வழிவழியாகக் கூறிவந்த அறிவுரை. மாலை மங்கலிலே தூரத்தில் நிற்பது மனிதனோ மரக்கட்டையோ எனத் துணியமாட்டாமை ஐயம். கிடக்குங் கயிற்றைப் பாம்பென்றே துணிதல் திரிபு. இரண்டும் குற்றமேயாயினும் ஒரு தன்மையன அல்ல. ஐயமுற்றவன் அணுகிச் சென்று பார்ப்பான். திரிபுற்றவனோ பார்க்கவேண்டிய தேவையையே உணரான். இவ்வேறுபாடு, தொடர்ந்து கற்கும் யந்திரங்களைப் பற்றிய இக்கால ஆராய்ச்சியில் தலையாய வினாவொன்றாக எழுந்துள்ளது. அதனை மாணவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நரம்பு வலை என்பது மூளையின் நரம்பிணைப்புக்களை ஓரளவு பின்பற்றிக் கணனியில் அமைக்கப்படும் கணித அமைப்பு. அதன் ஒவ்வோர் இணைப்புக்கும் ‘நிறை’ எனப்படும் ஓர் எண் உண்டு. உதாரணங்களைக் காட்டி, விடை பிழைக்குந்தோறும் அவ்வெண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துவதே அதற்குக் கற்பித்தலாகும். கற்றவை யாவும் அவ்வெண்களிலேயே கலந்து தங்கியிருக்கும். பாடத்துக்கொரு கொப்பி அதனிடம் இல்லை.

இங்கேதான் இடர் பிறக்கின்றது. மைக்கேல் மக்கிளொஸ்கி, நீல் கோகென் என்னும் இருவர் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு வலைக்கு முதலில் 1ஐக் கொண்ட 17 கூட்டல்களைக் கற்பித்தனர். அவற்றை அது நன்கு கற்றபின் 2ஐக் கொண்ட கூட்டல்களைக் கற்பித்தனர். புதிய பாடம் ஏற ஏறப் பழைய பாடம் அழிந்தொழிந்தது. பழைய பாடத்தைத் தாங்கிநிற்கும் எண் எது, மாற்றினாற் கேடில்லாத எண் எது என்பதை வலை அறியாமையே இதன் காரணம். தான் எதனை எவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறது என்ற கணக்கு அதனிடம் இருக்கவில்லை.

அக்கணக்கை வைத்துக்கொள்ளும் வழி, தோமஸ் பேயிஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இறந்தபின், 1763ஆம் ஆண்டுக்குரியதாக வெளிவந்த அவரது கட்டுரையிலிருந்து வளர்ந்தது. ஒரு நிறையை ஒற்றை எண்ணாகக் கொள்ளாது, ஓர் இடையும் அதனைச் சூழ்ந்த மாறற்றிறனும் உடைய பரம்பலாகக் கொள்ளுதல் வேண்டும். மாறற்றிறன் பெரிதாயின் ஐயம் பெரிது. சிறிதாயின் உறுதி பெரிது. 1ஐ மாறற்றிறனால் வகுக்க வருவதை உறுதியின் அளவு எனக் கொள்வோம்.

ஓர் உதாரணத்தாற் காண்போம். முதற்பாடம் ஒரு நிறையின் பெறுமானம் 2 என்றும், புதிய பாடம் அது 6 என்றும் சொல்கின்றன. புதிய பாடத்தின் மாறற்றிறன் 3 எனக் கொள்க. பழைய அறிவின் மாறற்றிறன் 1 ஆயின், உறுதிகள் முறையே 1, 1/3. அவற்றின் விகிதப்படி இரண்டையுஞ் சேர்க்க வரும் பெறுமானம் 3. பழைய அறிவின் மாறற்றிறன் 9 ஆயின், உறுதிகள் 1/9, 1/3; விடை 5. பாடங்கள் மாறவில்லை, ஐயத்தின் அளவே மாறியது. உறுதியாக அறிந்தது சிறிதே அசைந்தது. ஐயத்துடன் அறிந்தது பெரிதும் இடங்கொடுத்தது. எனவே, ஐயத்தின் அளவே நினைவின் காவலாகின்றது.

2017ஆம் ஆண்டில் டீப்மைண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட முறை இக்கருத்தையே தழுவியது. பழைய பாடத்துக்கு இன்றியமையாத நிறைகளை, வில்லுச்சுருளாற் பிணித்தாற்போல, அவற்றின் பழைய இடத்தை நோக்கி இழுத்துவைக்கும் முறை அது. 2018ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு நிறைக்கும் ஒரு பரம்பலையே பேணி, ஒரு பாடத்தின் முடிவை அடுத்த பாடத்தின் தொடக்கமாகக் கொள்ளும் முறையை வகுத்தனர்.

எனினும் இவற்றுக்கும் குறையுண்டு. நிறைகள் கோடிக்கணக்கில் இருக்குமாதலின், அவற்றிடையே உள்ள தொடர்புகளையெல்லாம் கணக்கிட முடியாது. அத்தொடர்புகளைப் புறக்கணித்துக் கணக்கிட்டாலோ, ஐயம் உள்ளதினுங் குறைவாகத் தோன்றும். அஃதன்றி, மேலே கண்டபடி உறுதியோடு உறுதி கூடுமேயன்றிக் குறையாது. பாடங்கள் பல சென்றபின் வலை இறுகிப்போய், உலகம் மாறினாலும் தான் மாறாததாகிவிடும். ருடோல்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட கணிப்பு முறை, காலம் செல்லுந்தோறும் ஐயத்தைச் சிறிது கூட்டிக்கொள்ளும். அதுபோலவே பழைய உறுதியை அளவறிந்து தளர்த்துதலும் இங்கே வேண்டப்படுகின்றது.

விடை கூறுமிடத்தும் ஐயம் தேவை. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை மட்டுமே கற்ற வலைக்கு ‘ழ’கரத்தைக் காட்டினால், அது தன் நிகழ்தகவு முழுவதையும் அப்பத்து இலக்கங்களுக்கே பங்கிடும், சிலவேளை ஒன்றுக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் கொடுத்துவிடும். திரிபு என்பது இதுவே. நூற்றுக்கு 80 உறுதியென்று கூறிய விடைகளுள், நூற்றுக்கு ஏறத்தாழ 80 சரியாயிருத்தலே நேர்மையான உறுதிக்கு உரைகல். ஆழமான வலைகள் பல, தம் திறமைக்கு மிஞ்சிய உறுதியுடன் விடை கூறுவதை 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. தொடர்ந்து கற்கும் வலையை இவ்வுரைகல்லில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தல் போதாது. புதிய பாடம் ஒவ்வொன்றின் பின்னரும், பழைய பாடங்களிலும் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். நோயாளியின் படத்தைப் பார்த்துக் கருத்துரைக்கும் யந்திரம் ‘நான் துணியேன்’ என்று கூறவல்லதாயின், வைத்தியர் மீண்டும் பார்ப்பார். பொய்யுறுதியுடன் கூறுமாயின், எவரும் பாராது விடக்கூடும்.

மாணவர்காள்! ஐயம் அறுதல் கல்வியின் முடிவு. ஐயத்தை உள்ளவாறு அளந்தறிதல் அம்முடிவுக்குச் செல்லும் வழி. அளவாமல் அறுத்த ஐயம் திரிபாய் முளைக்கும். யந்திரத்துக்கு இதனைக் கற்பிக்க அறிஞர் இன்று அரிதின் முயல்கின்றனர். பரீட்சை மண்டபத்தில் விடை எழுதுமுன், ‘இதனை நான் எவ்வளவு உறுதியாக அறிவேன்?’ எனத் தன்னைத்தான் வினவும் மாணவன் அதனை முன்னரே கற்றவனாவான்.