இடது பக்கம் திரும்ப, இடது கைப்பிடியைத் தள்ளுங்க!

லீவு விட்டாலே துறையூர், உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலைக்குப் பைக்குகள் வரிசை கட்டும். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, மலையை விட்டுத் தரைக்கு இறங்கும் இடம் இது. திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். இங்கிருந்து மலை மேலே போக நடைபாதைதான் இருக்கிறது. ஆற்றில் குளித்துவிட்டு "அப்படியே பைக்கில் மலைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்று நினைப்பவர்கள், மலையைச் சுற்றிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்தில் உள்ள காரவள்ளி அடிவாரத்துக்குப் போக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை அங்கேதான் தொடங்குகிறது.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. வண்டி 40 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிரே இடது பக்க வளைவு. ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?

"இதென்ன கேள்வி, இடது பக்கம்தான்" என்பீர்கள். ஆனால் உங்கள் கை செய்வது அது இல்லை. வளைவு தொடங்கும் அந்த நொடியில், உங்களுக்கே தெரியாமல் ஹேண்டில்பாரை லேசாக வலது பக்கம் திருப்புகிறீர்கள். அதனால்தான் வண்டி இடது பக்கம் சாய்கிறது. சாய்வதால்தான் திரும்புகிறது. இதற்கு ஆங்கிலத்தில் கவுன்டர் ஸ்டியரிங் என்று பெயர். தமிழில் 'எதிர்த் திருப்பல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதைத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக இல்லை. வளைவில் எதிரே பஸ் வரும்போது சரியான பக்கம் கை போகிறதா, தப்பான பக்கம் போகிறதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

கண்டுபிடித்தது இன்று நேற்றல்ல

ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின், 1869-லேயே அந்தக் கால இருசக்கர மிதிவண்டியைப் பற்றி எழுதும்போது இதை விளக்கியிருக்கிறார். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவரான வில்பர் ரைட், இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள் ஓட்டிகளிடம் கேட்டுப் பார்த்தார். முதலில் வலது பக்கம் லேசாகத் திருப்புகிறோம் என்ற விவரம் யாருடைய பதிலிலும் தானாக வரவில்லை. தினமும் ஓட்டுகிறவர்களுக்கே, தாங்கள் செய்வது தெரியவில்லை!

உள்ளங்கையில் ஒரு கம்பு

ஒரு கம்பையோ விளக்குமாறையோ உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கம்பு நிற்கும்போதே இடது பக்கம் நடக்க வேண்டும். கையை நேராக இடது பக்கம் கொண்டுபோனால் கம்பு வலது பக்கம் விழுந்துவிடும். ஆகவே கையை முதலில் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்த வேண்டும். கம்பின் அடி வலது பக்கம் போகும், தலை இடது பக்கம் சாயும். அதன் பிறகு சாய்ந்த பக்கமே கையைக் கொண்டுபோனால் விழாமல் கூடவே வரும்.

பைக்கும் அப்படித்தான். டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கை. வண்டியும் நீங்களும் சேர்ந்து அந்தக் கம்பு. இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ளினால் முன் சக்கரம் லேசாக வலது பக்கம் பார்க்கும். டயர்கள் வலது பக்கம் நகரும். மேலே இருக்கும் எடை அந்த வேகத்தில் கூட வராது. இடது பக்கம் சாயும். சாய்ந்த உடனே, முன் ஃபோர்க் அமைந்திருக்கும் விதத்தால் சக்கரம் தானாகவே இடது பக்கம் திரும்பிக்கொள்ளும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

எவ்வளவு சாய வேண்டும்?

வளைவில் போகும் வண்டியை வெளிப்பக்கம் தள்ளுவது போன்ற ஒரு விசையை நாம் உணர்கிறோம். அதைச் சமன் செய்யத்தான் உள்பக்கம் சாய்கிறோம். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வண்டியின் விலையோ எடையோ தீர்மானிப்பதில்லை. வேகமும் வளைவின் ஆரமும்தான் தீர்மானிக்கின்றன. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

● 20 கி.மீ. வேகம் – சுமார் 17 டிகிரி சாய்வு
● 30 கி.மீ. வேகம் – சுமார் 35 டிகிரி சாய்வு
● 40 கி.மீ. வேகம் – சுமார் 52 டிகிரி சாய்வு

நாம் வேலைக்கு ஓட்டிப் போகும் சாதாரண பைக், நல்ல காய்ந்த ரோட்டில்கூட சுமார் 40 டிகிரியிலேயே எல்லையைத் தொட்டுவிடும். ஃபுட்ரெஸ்ட் உரசும், டயர் பிடியை விடும். ஈர ரோட்டில் அந்த எல்லை இன்னும் வெகுவாகக் குறையும். அதாவது 20-ல் சுலபமாக எடுத்த அதே வளைவை 40-ல் எடுக்க முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் டயர் தாங்க வேண்டிய விசை நான்கு மடங்காகிறது. 'கொஞ்சம்தானே வேகம் கூட்டினேன்' என்ற கணக்கு வளைவில் செல்லாது.

எட்டு போடும்போது தெரியாதது ஏன்?

லைசென்ஸ் எடுக்க எல்லோரும் எட்டு போட்டிருப்போம். அங்கே வண்டி நடை வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகமாகப் போகும். அந்த வேகத்தில் ஹேண்டில்பாரைத் திரும்பும் பக்கமே நன்றாகத் திருப்புகிறோம், சாய்வு குறைவு. எதிர்த் திருப்பல் அங்கே கண்ணுக்கே தெரியாது. வேகம் சுமார் 20 கி.மீ.யைத் தாண்டியதும்தான் அதன் வேலை கைக்குத் தெளிவாகத் தெரியும்.

ஆகவே எட்டு போட்டுப் பாஸான கை, 'இடது பக்கம் போக இடது பக்கம் திருப்பு' என்ற பாடத்தோடு ரோட்டுக்கு வருகிறது. சாதாரண நேரத்தில் பிரச்சினை இல்லை, உடம்பு தானாகவே சரியாகச் செய்துவிடும். பிரச்சினை பயம் வரும்போதுதான்.

அந்த 2 நொடி

இடது பக்க வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டீர்கள். வண்டி ரோட்டின் நடுப்பகுதியை நோக்கி விலகுகிறது. எதிரே பஸ். பயத்தில் கை என்ன செய்யும்? 'இடது பக்கம் போகணும்' என்று ஹேண்டில்பாரை இடது பக்கம் வலிந்து திருப்பும். அப்போது சாய்ந்திருந்த வண்டி நிமிரும். நிமிர்ந்த வண்டி இன்னும் வலது பக்கமாகப் போகும், நேராகப் பஸ்ஸை நோக்கி.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். இடது கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முன்னோக்கித் தள்ள வேண்டும். வண்டி கூடுதலாகச் சாயும், வளைவுக்குள் வரும்.

அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. பொதுவாக ஓட்டுநருக்கு விபத்தைத் தவிர்க்கக் கிடைக்கும் நேரம் 2 நொடிக்கும் குறைவு என்கிறது அது. பெரும்பாலோர் பின் பிரேக்கை அழுத்தமாக மிதித்துச் சறுக்கியிருக்கிறார்கள். கைப்பிடியைத் தள்ளி விலகும் திறன் ஏறக்குறைய யாரிடமும் இல்லை. 2 நொடியில் யோசித்துச் செய்ய முடியாது. கை முன்பே பழகியிருக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வண்டி நடமாட்டமே இல்லாத, அகலமான, காய்ந்த மைதானத்தில் மட்டும் இதைப் பழகுங்கள். ஹெல்மெட் கட்டாயம். பின்னால் யாரும் வேண்டாம்.

● நேராக 30 கி.மீ. வேகத்தில் போங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.
● இடது கைப்பிடியை உள்ளங்கையால் மிக மெதுவாக முன்னோக்கித் தள்ளுங்கள். கீழே அழுத்த வேண்டாம், முன்னால் தள்ளுங்கள்.
● வண்டி இடது பக்கம் சாய்ந்து நகர்வதைக் கவனியுங்கள். தள்ளுவதை விட்டுவிட்டு நேராக வாருங்கள்.
● வலது பக்கமும் இதே போல. பலமுறை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

மலைப்பாதையில்

வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிடுங்கள். டயரின் பிடிப்பு ஒரு குடம் தண்ணீர் மாதிரி. திரும்பவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பிரேக்குக்கும் அதிலிருந்துதான். நன்றாகச் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டெனப் பிடித்தால் குடம் காலி.

பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். தடுப்புச் சுவரைப் பார்த்தால் வண்டியும் சுவரை நோக்கித்தான் போகும். வலது பக்க வளைவில் உள்பக்கம் குறுக்கே புகாதீர்கள். அது எதிரே வரும் பஸ்ஸின் பாதை. மிகக் குறுகிய வளைவுகளில் எட்டு போட்ட மெதுவான வேகம்தான் சரி. அந்தத் திறமைக்கு அங்கே வேலை இருக்கிறது. வளைவுக்கும் வளைவுக்கும் இடைப்பட்ட பகுதியிலும், புளியஞ்சோலைக்கு வரும் சமவெளி ரோட்டிலும்தான் வேகம் கூடுகிறது. கைப்பிடியைத் தள்ளும் பழக்கம் அங்கேதான் உயிரைக் காக்கும்.

இறங்கும்போது இன்ஜினை அணைத்து உருட்டாதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது சாலை விதி. மண், ஈர இலை, சிந்திய டீசல் இருந்தால் சாய்வதைக் குறைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி வேகத்தைக் குறைப்பதுதான்.

பின்னால் உட்காருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிராதீர்கள். நீங்கள் நிமிர்ந்தால் ஓட்டுபவர் வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டிவரும். ஓட்டுபவரின் உள்பக்கத் தோளுக்கு மேலாக வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், உடம்பு தானாகச் சரியாக இருக்கும். மலைப்பாதையில் ஒரு பக்கமாக உட்காருவதைத் தவிர்த்து, இருபுறமும் கால் போட்டு உட்காருங்கள்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

● பழகுநர் உரிமத்துக்கு (எல்.எல்.ஆர்.) பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பிக்கலாம். உரிமம் பெற்று 30 நாட்களுக்குப் பிறகு ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.
● ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்குமே ஹெல்மெட் கட்டாயம்.
● விபத்து என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.
● 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரத்தில் வரையறுக்கப்பட்ட அவசர சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.
● காயமடைந்தவருக்கு உதவத் தயங்க வேண்டாம். உதவுபவரின் பெயர், முகவரியைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

அடுத்த லீவுக்குப் புளியஞ்சோலையோ கொல்லிமலையோ திட்டம் இருந்தால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஊர் மைதானத்தில் இந்தப் பயிற்சியைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.